நீர்வழியும் பிறப்புவழியும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குளம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளில் வழக்கமாகப் பேசப்படாத ஒன்றாகும். சிறுநீர் வெளிவரும் வழியும், குழந்தையும் கன்றும் உலகிற்கு வரும் வழியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதே அப்பொருள். இதைக் கேட்டவுடன் சிலர் தலை குனிவதையும், சிலர் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பதையும் காண்கிறோம். அதில் குற்றமில்லை. ஆயினும், இந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதை நாம் சற்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நீர்க்கட்டு கண்ட கிடாய், மலச்சிக்கல் என்று எண்ணப்பட்டுப் பேதி மருந்து கொடுக்கப்பட்டு மாண்டுபோகிறது. கருப்பை இறங்கிய தாய், மகளிடமும் மருமகளிடமும் சொல்ல நாணி, பல்லாண்டுகள் அந்த வேதனையோடு களை பறிக்கிறாள். இவ்விரண்டும் தடுக்கக்கூடிய துன்பங்களே. உடலின் அமைப்பை அறிந்தால் அவற்றிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

நினைவிற்கொள்ள எளிதாக ஒரு கணக்கைச் சொல்கிறோம். உடலின் கீழ்ப்புறத்தில் பெண்ணுக்கு மூன்று வாயில்கள், பசுவுக்கும் ஆட்டுக்கும் இரண்டு, கோழிக்கு ஒன்று.

பெண்ணின் உடலில் முன்புறம் சிறுநீர் வெளிவரும் சிறு துளை இருக்கிறது. அதன் பின்னால் மாதவிலக்கும் மகப்பேறும் நிகழும் பிறப்புவழி இருக்கிறது. எல்லாவற்றிற்கும் பின்னால் மலவாய் இருக்கிறது. சிறுநீரும் குழந்தையும் ஒரே வழியாக வருகின்றன என்று எண்ணுவோர் பலர். படித்தவர்களிலும் அத்தகையோர் உண்டு. அது தவறு. ஆணுக்கோ இரண்டே வாயில்கள். சிறுநீரும் விந்துவும் ஒரே குழாயின் வழியாக வெவ்வேறு வேளைகளில் வெளிவருகின்றன.

பசுவின் வாலைத் தூக்கிப் பார்த்தால் மேலே மலவாயும், கீழே பிறப்புறுப்பின் வாயும் தெரிகின்றன. சிறுநீர்த்துளை வெளியே தெரிவதில்லை. அது பிறப்புறுப்பின் உட்புறத் தரையில், வாயிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அமைந்துள்ளது. எனவே சிறுநீரும் கன்றும் கடைசியில் ஒரே வாயில் வழியாகவே வெளிவருகின்றன.

கோழிக்கு உள்ள ஒரே வாயிலைப் பொதுப்புழை என்பார்கள். எச்சம், சிறுநீர், முட்டை ஆகிய மூன்றுக்கும் அதுவே வழி. இந்த வேற்றுமைகளிலிருந்துதான் ஒவ்வோர் உயிருக்கும் உரிய நோய்களும், அவற்றிற்கு நாம் செய்யவேண்டிய காப்புகளும் பிறக்கின்றன.

தாய்மார்களுக்கு

இரு சிறுநீரகங்களிலிருந்தும் நீர் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் தங்குகிறது. வளர்ந்த மனிதரின் பையில் 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை தேங்கும். அங்கிருந்து வெளியே செல்லும் குழாயின் நீளம் ஆணுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மலவாயின் பக்கத்திலிருந்தே வருகின்றன. அவை பெண்ணின் சிறுநீர்ப்பையை அடைவதற்குக் கடக்கவேண்டிய தொலைவு இரண்டு விரல் அகலமே. நீர்க்கடுப்பு பெண்களை மிகுதியாக வாட்டுவதற்கு இதுவே முதற்காரணம். இது அவர்கள் செய்த குற்றத்தாலோ, சூட்டினாலோ மட்டும் வருவதன்று; உடலின் அமைப்பினால் வருவது.

மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னோக்கிக் கழுவவேண்டும் என்பதற்குரிய காரணம் இப்போது விளங்கும். பின்னிருந்து முன்னோக்கிக் கழுவினால், கிருமியை நாமே கையால் வழிகாட்டி உள்ளே அனுப்புகிறோம். இதைப் பெண்மக்களுக்குச் சிறு வயதிலேயே தாய்மார் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது காப்பு, தண்ணீர் குடிப்பதும், வந்த சிறுநீரை அடக்காதிருப்பதும் ஆகும். சிறுநீர் கழியும்போது அது குழாயைக் கழுவிக்கொண்டே வருகிறது. ஏறிவரும் கிருமிகளையும் அது வெளியே தள்ளிவிடுகிறது. வயலில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்குவதற்கு மறைவிடமின்மையால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வந்ததையும் மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். பள்ளியிற் பயிலும் சிறுமிகளும் கழிப்பிடத்தில் நீர் இல்லாவிட்டால் இதையே செய்கிறார்கள். நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைகிறது. அடக்கினால் பையில் தேங்குகிறது. கிருமி பெருகுவதற்கு இவ்விரண்டும் வாய்ப்பளிக்கின்றன.

எரிச்சலும், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவதும் தொடக்க அடையாளங்கள். நடுக்கத்துடன் காய்ச்சலும், விலாப்புறத்திலோ முதுகிலோ வலியும் சேர்ந்தால் நோய் சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அப்பொழுது கைவைத்தியத்தை நம்பி ஒரு நாளையும் கழித்தல் ஆகாது. கருவுற்ற பெண்ணுக்கு இந்நோய் வந்தால் குறைமாதப் பேறும் நேரலாம். ஆதலால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

அடி இறக்கம் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கி நிற்கும் தசைகளும் நார்களும், பல மகப்பேறுகளாலும், நெடுநேரப் பிரசவ வேதனையாலும், பேற்றிற்குப்பின் உடனே கனத்த சுமை தூக்குவதாலும் தளர்ந்துபோகின்றன. அப்பொழுது கருப்பை பிறப்புவழியில் கீழிறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதும் பெரும்பாலும் இத்தளர்ச்சியின் பாற்பட்டதே. தொடக்கத்தில் தசைப் பயிற்சியினாலும், அதன்பின் உள்ளே பொருத்தும் வளையத்தினாலும், முற்றிய நிலையில் அறுவையினாலும் இதற்குப் பரிகாரம் உண்டு.

பிரசவம் தடைபட்டு, குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்துவதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் இடையறாது ஒழுகும் நிலையும் சிலருக்கு வருகிறது. நாற்றத்தின் காரணமாக இவர்களை வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கிவைப்பது பெருங்கொடுமை. இத்துளையை அறுவை மருத்துவத்தால் மூடமுடியும். 2013ஆம் ஆண்டு முதல் மே மாதம் 23ஆம் நாளை இந்நோயை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடித்து வருகிறது. வேதனை தொடங்கியவுடன் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே இதற்குரிய முதல் தடுப்பு.

முதியோரும் குழந்தைகளும்

ஆணின் சிறுநீர்க்குழாய் பையைவிட்டு வெளிவந்தவுடன் புராஸ்டேட் என்னும் சுரப்பியின் நடுவே செல்கிறது. வயது ஏறும்போது இச்சுரப்பி பருத்துக் குழாயை நெருக்குகிறது. பெரியவர்கள் இரவில் பலமுறை எழுந்திருப்பதும், நீர் மெல்லியதாக வருவதும், முடித்த பின்னும் சொட்டுவதும் பெரும்பாலும் இதனாலேயே ஆகும். இதற்கு மாத்திரையும் உண்டு, அறுவையும் உண்டு. திடீரென நீர் முற்றிலும் கட்டிக்கொண்டால் அது அவசர நிலை. அடிவயிறு கல்போல் புடைத்து வலிக்கும். மேலும் மேலும் தண்ணீர் குடிக்கச் செய்வது வேதனையைப் பெருக்குமேயன்றித் தணிக்காது. உடனே மருத்துவமனையில் குழாயிட்டு நீரை இறக்க வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் எல்லா வாயில்களும் திறந்துள்ளனவா என்று பார்ப்பது மருத்துவச் செவிலியின் கடமை. பெற்றோரும் இதை அறிந்திருத்தல் நன்று. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டும். 48 மணி நேரத்திற்குள் மலங்கழிக்க வேண்டும். தவறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு மலவாய் மூடியே இருக்கும். சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த்துளை நுனியில் இல்லாமல் உறுப்பின் அடிப்புறத்தில் இருக்கும். இவற்றை அறுவையினால் சீராக்கலாம். பின்னர்க் கூறிய குறையுள்ள குழந்தைக்குச் சுன்னத்துச் செய்வதை மருத்துவரைக் கேட்கும்வரை ஒத்திவைக்க வேண்டும். குறையைச் சீராக்குவதற்கு அந்தத் தோலே பயன்படக்கூடும். இயல்பான ஆண் குழந்தைக்கு முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளுவதும் கூடாது. அது வளர வளரத் தானே விலகிக்கொள்ளும்.

சில பெண்மக்களுக்குப் பிறப்புவழியின் வாயிலில் உள்ள மென்தோல் முழுவதும் மூடியிருக்கும். வயது வந்தும் அவர்களுக்கு விலக்கு வெளிப்படாது. ஆனால் மாதந்தோறும் அடிவயிற்று வலி வரும். இப்பெண் பெரியவளாகவில்லை என்று ஊர் பேசும். கோயில் கோயிலாக அலைவதும் நிகழும். உண்மையில் ஒரு சிறு அறுவையினால் நீங்கக்கூடிய தடையே அது.

மிகச்சில குழந்தைகள் ஆணா பெண்ணா என்று உடனே கூறமுடியாத உறுப்பமைப்போடு பிறக்கின்றன. அவர்களும் நம் குழந்தைகளே. அத்தகைய குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான நிலையிலன்றி உறுப்பை மாற்றும் அறுவையைச் செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் கூறியது. அவ்வாண்டிலேயே தமிழக அரசும் அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. பெற்றோரை அச்சுறுத்திப் பணம் பறிக்க முயல்வோர் இருப்பின், உறுப்பினர்கள் இதனை எடுத்துச் சொல்லலாம்.

பசுவும் எருமையும்

இனிக் கொட்டிலுக்கு வருவோம். பசுவின் சிறுநீர்த்துளைக்குக் கீழே வழி முடிந்துபோன ஒரு சிறு பை இருக்கிறது. சினை ஊசி போடுபவர் கருவியை நேராக உள்ளே தள்ளினால் அது இப்பையிலோ, சிறுநீர்த்துளையிலோ முட்டிக்கொள்ளும். ஆகையினால்தான் அவர் முதலில் கருவியை மேல்நோக்கிச் சாய்த்துச் செலுத்தி, பிறகே நேராக்குகிறார். மாட்டை அசையாமல் நிறுத்துவதும், அதன் பின்புறத்தைத் தூய நீரால் கழுவித் துடைத்துவைப்பதும் நம் பொறுப்பு. சாணம் ஒட்டிய கருவி உள்ளே சென்றால் கருப்பை சீழ்ப்பிடிக்கும்.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கிறது. காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் ஊசி போடுவது நலம். கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு வடிவது நல்ல அடையாளம். அது கலங்கி வெள்ளையாகவோ, சீழ்போன்றோ இருப்பின் ஊசியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கன்று ஈன்ற பசு 12 மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி போட்டுவிட வேண்டும். போடவில்லையெனில், தொங்கும் கொடியைப் பிடித்து இழுப்பதும், அதிற் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் நம்மிடையே காணப்படும் தீய வழக்கங்கள். சட்டையில் பொத்தான் மாட்டியிருப்பதுபோல், நஞ்சுக்கொடி கருப்பையின் உட்சுவரில் ஏறத்தாழ நூறு இடங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் பொத்தானோடு துணியும் கிழிகிறது. இரத்தம் பெருகலாம், கருப்பையே வெளியே புரண்டு வந்துவிடவும் கூடும். பிறகு அந்தப் பசு சினை பிடிப்பது அரிதாகும்.

ஈன்ற பின் கருப்பை வெளியே தள்ளிவிட்டால், மாட்டைப் படுக்கவைத்து, வெளிவந்த பகுதியைத் தூய ஈரத் துணியில் ஏந்தி, நாயும் காக்கையும் அண்டாமல் காத்து, பின்புறத்தைச் சற்று உயர்த்திவைத்து, மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

மற்றொரு செய்தி. பசுங்கன்றும் காளைக்கன்றும் இரட்டையாகப் பிறந்தால், அப்பசுங்கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மலடாகவே இருக்கும். வயிற்றில் இருவர் இரத்தமும் கலந்து, பெண் கன்றின் உள்ளுறுப்புகள் வளர்ச்சி குன்றிவிடுவதே காரணம். வெளித் தோற்றத்தில் குறை தெரியாது. இத்தகைய கன்றை இனவிருத்திக்கென வளர்க்குமுன்னும், சந்தையில் வாங்குமுன்னும் மருத்துவரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும்.

கருச்சிதைவு நோயாகிய புரூசெல்லா, சிதைந்த கருவிலும், நஞ்சுக்கொடியிலும், ஈன்ற பின் வடியும் நீரிலும் மிகுதியாக இருக்கிறது. வெறுங்கையால் அவற்றை எடுப்போருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலும், மூட்டு வலியும், ஆண்களுக்கு விரை வீக்கமும் தோன்றலாம். கையுறை அணிந்து எடுத்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே பருக வேண்டும். 4 முதல் 8 மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி, 2019ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்ப் போடப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை போதும்.

கிடாயும் காளையும்

ஆண் ஆட்டின் சிறுநீர்க்குழாய் மிக நீண்டது, மிகக் குறுகியது, இடையில் ஆங்கில எழுத்தாகிய ‘எஸ்’ போல் வளைந்து செல்வது. அதன் நுனியில் புழுப்போன்ற மெல்லிய நீட்சி ஒன்றும் உண்டு. சிறுநீரில் உண்டாகும் மணல்போன்ற கற்கள் அந்த நுனியிலும், வளைவிலும் அடைத்துக்கொள்கின்றன. காளைக்கும் வளைவிலேயே கல் தங்குகிறது. பெண் ஆட்டின் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கல் தானாகவே வெளியேறிவிடுகிறது. மிக இளமையில் காயடித்த ஆட்டிற்குக் குழாய் போதிய அளவு விரிவதில்லை. ஆகவே ஆபத்து அதிகம்.

கல் உண்டாவதற்குத் தீவனமே பெரும்பாலும் காரணமாகிறது. தவிட்டிலும் தானியத்திலும் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பண்டிகைக்கு விற்கவேண்டுமென்று கிடாய்க்குத் தவிடும் தானியமும் வாரி வழங்கி, தண்ணீரை மட்டும் ஒருவேளை காட்டினால் கல் விளைவதற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தைப்போல் இருமடங்கு இருக்க வேண்டும். பசுந்தழையும் பயறுவகைத் தீவனமும் கொடுத்து, தாது உப்புச் சேர்த்து, நாள் முழுதும் தூய நீர் கிடைக்கச் செய்வதே காப்பு.

நோய் கண்ட கிடாய் கால்களை நீட்டி வைத்து நின்று முக்கும், கத்தும், வாலை ஆட்டும், ஓரிரு சொட்டே விழும், அல்லது ஒன்றும் விழாது. இதைக் கண்டவுடன் கீழே பாருங்கள். புழுக்கை விழுந்திருக்கிறது, ஆனால் தரை நனையவில்லை என்றால் அது நீர்க்கட்டு. பேதி மருந்து கொடுக்கக் கூடாது. திடீரென முக்கல் நின்று ஆடு அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழ்பவர் உண்டு. சிறுநீர்ப்பை வெடித்துவிட்டாலும் அவ்வாறே அமைதி தோன்றும். அதன்பின் வயிறு உப்பி ஆடு இறந்துவிடும். ஆகையால், முதல் நாளிலேயே மருத்துவரை நாட வேண்டும். நுனியில் அடைத்த கல்லாயின் அவர் அதைச் சில நிமிடங்களில் நீக்கிவிடக்கூடும்.

கோழியும் நாயும்

கோழிக்குச் சிறுநீர்ப்பை இல்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவதே அதன் சிறுநீர். ஒரே வாயில் ஆயினும், முட்டை இடும்போது உட்குழாயின் முனை முட்டையோடு வெளியே மடிந்து வந்து திரும்புவதால், முட்டையின்மேல் எச்சம் படுவதில்லை. முட்டை அழுக்காவது பெரும்பாலும் கூட்டின் அழுக்கினாலேயாம். மடிந்துவந்த பகுதி சில வேளைகளில் உள்ளே திரும்பாமல் நின்றுவிடும். சிவந்த அதனை மற்றக் கோழிகள் கொத்திக் குடலையே இழுத்துவிடும். அக்கோழியை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். முட்டைக் கோழிக்குரிய சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனத்தை இளங்குஞ்சுகளுக்கு இடக் கூடாது; அவற்றின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

தெருவில் நாய்கள் இணைந்து நிற்கும்போது சிறுவர்கள் கல்லெறிவதையும், பெரியவர்கள் தடியால் பிரிக்க முயல்வதையும் காண்கிறோம். ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே வீங்கிவிடுவதால் அவை உடனே பிரியமுடிவதில்லை. அரைமணி நேரத்திற்குள் பெரும்பாலும் தாமே பிரிந்துவிடும். வலிந்து பிரித்தால் இரண்டுக்கும் உறுப்புக் கிழியும். சிறுவர்களுக்கு இந்தக் காரணத்தை வெட்கமின்றிச் சொல்லிவிட்டால் கல் கீழே விழுந்துவிடும்.

ஊராட்சி செய்யவேண்டியது

உறுப்பினர்களே! இங்குக் கூறியவற்றுள் பல, வீட்டினரும் உழவரும் தாமே செய்யவேண்டியவை. ஆனால் சில ஊராட்சியின் கையில் உள்ளன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் வீடுதோறும் கழிப்பறைகள் எழுந்துள்ளன. எனினும் பெண்கள் பகற்பொழுதைக் கழிப்பது வயலிலும், வேலைத்தளத்திலும், சந்தையிலும், பள்ளியிலும் ஆகும். அவ்விடங்களில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மறைவிடம் இல்லையேல், வீட்டுக் கழிப்பறை இருந்தும் அவர்கள் நீர் அருந்தாமலேயே இருப்பார்கள். பள்ளிக் கழிப்பறையின் குழாயில் நீர் வருகிறதா என்பதை மாதம் ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். வேலை நடக்கும் இடங்களில் பெண்களுக்கு மறைப்பும் குடிநீரும் வைக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். இச்செலவைக் கிராம சபையில் முன்மொழியும்போது பெண் உறுப்பினர்களின் சொல்லுக்கு முதலிடம் தாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் மறைவிடம் வேண்டும் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள்.

கால்நடைகள் நீர் அருந்தும் பொதுத் தொட்டிகளைக் கோடையில் வறண்டுபோக விடாதீர்கள். தடுப்பூசி முகாம் நாளை முன்கூட்டியே ஒலிபெருக்கி மூலம் ஊருக்கு அறிவியுங்கள். செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் புதைப்பதற்கு நீர்நிலைக்குத் தொலைவில் ஓர் இடத்தைக் குறித்துவையுங்கள்.

தாய்மார்களே, உழவர்களே! நோயின் பெயரையும் உறுப்பின் பெயரையும் மருத்துவரிடம் தயங்காது சொல்லுங்கள். எந்த வழியில் வலி, எத்தனை நாளாக வலி என்று தெளிவாகச் சொன்னால், மருத்துவம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. இக்கூட்டம் முடிந்தபின் கால்நடை மருத்துவரும், கிராமச் சுகாதாரச் செவிலியும் இங்கேயே அமர்ந்திருப்பார்கள். பெண்கள் தனியே கேட்பதற்குப் பக்கத்து அறை ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. கேட்கவேண்டியதை இன்றே கேட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறோம்.